தலையில்லாத வைரவர்

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த கிளென் வேவர்லியில், இடம் கிடைக்குமோ என்ற பதற்றத்தோடு, மகளின் அட்மிஷன் இன்டர்வியூவுக்காக ஒரு கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். அம்மாவும் வந்திருந்தார். வாசல் தோட்டத்தில் புனித பிரான்சிஸின் சிலை நின்றது. இடுப்பில் கயிறு, காலடியில் ஓநாய். எனக்கு உடனே உளுந்துவடை மணந்தது.

யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், கடலோரமாக, பிரான்சிஸ்கன் துறவிகளின் பழைய மடம் ஒன்று இடிந்து கிடந்தது. போர்த்துக்கேயர் காலத்தில் கட்டியதை ஒல்லாந்தர் வந்து இடிக்க, மிச்சச் சுவர்களை எங்கள் சனம் கிணற்றுக்கட்டுக்கும் மாட்டுக்கொட்டிலுக்கும் பெயர்த்துக்கொண்டுபோக, கடைசியில் வௌவால் நாற்றமடிக்கும், கடலில் வெட்டியெடுத்த முருகைக்கல்லாலான ஒரு வளைவும், அதற்குள் புகுந்து ஊளையிடும் கடற்காற்றும், தலையில்லாத ஒரு கற்சிலையும்தான் மிஞ்சின. சிலையின் காலடியில் நாய் மாதிரி ஒன்று படுத்திருந்தது. நாய் வைரவரின் வாகனம். ஆகவே சிலை வைரவர். வெள்ளிதோறும் அம்மா வடைமாலை சாத்துவார். மாட்டத் தலையில்லாததால் அது எண்ணெயில் வழுக்கி நாயின் கழுத்தில் போய் விழும். அங்கிருந்து எங்கள் வாய்க்கு வரும். பிறகு சண்டையில் வளைவும் சிலையும் தூளாகிப்போயின.

“அம்மா, எங்கட வைரவர் இவர்தான். வேதக்காரரின்ர புனிதர்,” என்றேன்.

அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

“முகத்தை இப்பதான் பாக்கிறன்,” என்றார். “பயப்பிடாமல் உள்ளுக்க வா. எங்கட வடை எவ்வளவு சாப்பிட்டவர்! பிள்ளைக்கு இடம் குடுக்காமல் விடுவாரோ?”