சிக்னல் போட்டால் பாட்டு

போன சனிக்கிழமை விடியற்காலை, களுவாஞ்சிக்குடியில் ஓர் ஒடுங்கிய ஒழுங்கைக்குள் எங்கள் வான் வண்டியை ஒரு பெண்மணி மறித்தார். நைட்டிக்கு மேல் துவாய். கையில் வயர் கூடை. முகத்தில் இன்னும் பாதித் தூக்கம்.

"ரெண்டு றாத்தல் பாண், நாலு பணிஸ். நேத்தையான் வேணாம், புதுசாத் தாங்க" என்றார்.

நாங்கள் பேக்கரிப் பாண் விற்கிறவர்கள் இல்லை! நான் உங்களோடு வாராவாரம் இந்தப் பத்தியில் அலட்டுகிறவள். ஸ்டியரிங்கில் இருந்தவர் என் வீட்டுக்காரர். பின்னால் திரைச்சீலைக்குள் தலையை ஒளித்துக்கொண்டிருந்தது எங்கள் ஒரே மகள் ஆரணி. குடும்பமாக ட்ரிப் போகப் புறப்பட்டவர்கள் நாங்கள். ஆனாலும் அந்தப் பெண்மணி மீது ஒரு பிழையும் இல்லை. பாண்காரப் பாட்டைப் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள் வந்தது நாங்கள்தானே...

எப்படி இந்த நிலைக்கு வந்தோம் என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன்.

இவர் கட்டாரில் ஒரு ஹோட்டலில் வேலை பார்த்தவர். ஆரணி தவழ்கிற காலத்தில் போனார். லீவில் வருவார், சொக்லேட் கொண்டு வருவார், திரும்பப் போவார். மற்றபடி அவளுக்கு அவர் வீடியோ கோல் அப்பா. இப்போது "இனிப் போகமாட்டன்" என்று ஒரேயடியாக வந்துவிட்டார். அவளோ ஓ.எல். பரீட்சை எழுதிவிட்டு, ஏ.எல். ரியூஷனுக்குப் போய்க்கொண்டே றிசல்ட்டுக்குக் காத்திருக்கும் பெரிய பிள்ளை.

வீட்டில் அப்பா இருக்கிறார். சந்தோசம்தான். ஆனால் என்ன பேசுவது?

"சாப்பிட்டயா மகள்?"

"ஓம் அப்பா."

"நித்திரை வந்திட்டா?"

"ஓம் அப்பா."

அதோடு அவளுடைய அறைக் கதவு சாத்தப்படும். வீடியோ கோலில் இதைவிடக் கூடக் கதைத்தார்கள். லைன் அறுந்தால் "ஹலோ, ஹலோ" என்றாவது கத்துவாள்! இவர் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டார். சாத்திய கதவைப் பார்த்துக்கொண்டே தேத்தண்ணியை ஆற விடுவார்.

ஒருநாள் திடீரென்று, "ஒரு கேம்பர் வான் வாங்குவம்" என்றார்.

"என்ன வான்?"

"அங்க றூமில மேல் கட்டில்ல படுத்துக்கொண்டு வீடியோ பார்ப்பன். வெள்ளைக்காரங்கள் வானுக்குள்ளயே சமைக்காங்க, சாப்பிடுறாங்க, படுக்காங்க. புள்ளைகளும் பக்கத்திலயே இரிக்கிதுகள்."

"நமக்கு வீடு இரிக்கிதானே?"

"வீட்டில றூம் இரிக்கி. வானுக்குள்ள றூம் இல்லதானே. அவ எங்க போவா?"

சரி என்றேன்.

வான் ஏறாவூரில் ஒரு வளவுக்குள், தகரக் கொட்டிலுக்குக் கீழே நின்றது. ஊர் ஊராகப் பாண் விற்றுக் களைத்துப்போன பெட்டி வான். பக்கவாட்டில் மேல்நோக்கித் திறக்கிற பெரிய பலகைக் கதவு. உள்ளே தட்டுத் தட்டாக இறாக்கைகள். கூரையில் ஒரு ஸ்பீக்கர். அந்த ஸ்பீக்கர் பாட்டு உங்களுக்கும் தெரியும். காலையிலோ பின்னேரத்திலோ அந்த டிங்... டிங்... கேட்டால், பாண் வந்துவிட்டது என்று நம் கால் தானாகக் கேற்றடிக்குப் போகுமே, அதே பாட்டு!

இவர் இறாக்கையைப் பார்த்தார், கட்டில் தெரிந்தது. பலகைக் கதவைப் பார்த்தார், ஜன்னல் தெரிந்தது. நான் பார்த்தேன், துரு தெரிந்தது. "எஞ்சின் சிங்கம், தங்கச்சி. உடம்புதான் கொஞ்சம் வயசு போயிட்டு" என்றார் கராஜ்காரர் ஹனிபா காக்கா. என் வீட்டுக்காரரைப் பற்றியும் நான் இதைத்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறேன். வாங்கிவிட்டோம்.

பிறகு நடந்ததெல்லாம் பைத்தியம். டிங்கர் வேலை, பெயின்ட் வேலை, வயர் வேலை. முட்டை மஞ்சள் நிறத்தில் பெயின்ட் அடிக்கச் சொன்னார் இவர். கழுவக் கழுவ எங்கிருந்தோ மா கொட்டியது. உள்ளே இன்னும் வெனிலா வாசம். ஆசனத்துக்குக் கீழிருந்து கட்டெறும்புகள் ஊர்வலமாக இறங்கின, ஒரு தலைமுறையே அங்கு குடியிருந்திருக்க வேண்டும். இறாக்கையில் மெத்தை போட்டுப் படுத்துப் பார்த்தார் இவர். கால் இரண்டும் வெளியே! பாணுக்கு அளவெடுத்த இறாக்கைக்கு ஆறடி மனிதனைத் தெரியுமா? எனக்கு மட்டும் அச்சொட்டாகப் பொருந்தியது. நான் குள்ளமாகப் பிறந்ததற்கு முதல் தடவையாகச் சந்தோசப்பட்டேன்.

முதலில் முறைத்துக்கொண்டு நின்ற நானே, ஒரு கிழமைக்குள் பழைய சேலைகளை வெட்டித் திரைச்சீலை தைக்கிறேன், கரண்டி தொங்க விடக் கொளுக்கி அடிக்கிறேன், இரட்டை அடுப்புக் காஸ் குக்கரை எங்கே பூட்டுவது என்று சண்டை பிடிக்கிறேன். இந்த வருத்தம் காய்ச்சல் மாதிரித் தொற்றும் போலிருக்கிறது.

தொற்றாதவள் ஒருத்திதான். வான் வீட்டுக்கு வந்த அன்று ஆரணி ஒரு தரம் எட்டிப் பார்த்தாள்.

"இது பாண் வான்."

"இல்ல மகள், கேம்பர் வான்" என்றார் இவர்.

"பெயின்ட் அடிச்சாப் போல மாறிருமா அப்பா? எல்லாருக்கும் தெரியும் இது பாண் வான் எண்டு. என்னோட படிக்கிற ஆக்கள் கண்டா மறுகா நான் எப்படி ரியூஷனுக்குப் போற? நான் ஏறமாட்டன்!"

கதவு சாத்தப்பட்டது. எனக்கு அழுகை வந்தது. இவருடைய முகத்திலோ வெளிச்சம். "பார்த்தியா, எவ்வளவு நேரம் என்னோட கதைச்சா!" என்றார். இந்த மனிதரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

இதற்குள் இன்னொரு கூத்து. "நம்மட பாட்டுப் போடலாம்" என்று இவர் ஸ்பீக்கரைக் கழட்ட விடவில்லை. ஹனிபா காக்கா எதையோ எதோடோ பூட்டினார். அன்றிலிருந்து இடது பக்கம் சிக்னல் போட்டாலும் டிங் டிங், வலது பக்கம் போட்டாலும் டிங் டிங். திரும்பத் திரும்பக் கொண்டுபோய் நிறுத்தினோம்.

"எல்லா வயரும் ஒரே சிவப்பு, தங்கச்சி. எது எங்க போகுதெண்டு இழுத்தவனுக்குத்தான் தெரியும். இத வெட்டினா சிக்னலும் போயிரும்" என்று தலையைச் சொறிந்தார் காக்கா. "நேர் றோட்டில போங்க. ஒரு கரைச்சலும் இல்ல."

ஒருவழியாக நான் கெஞ்சி, கொஞ்சி, கடைசியில் கோபித்ததில் ஆரணி இறங்கி வந்தாள். ஒரே ஒரு தரம் வருவாளாம். அதுவும் விடிகிற நேரத்திலேயே வெளிக்கிட வேண்டுமாம், தெருவில் ஒருவரும் காணக் கூடாதாம். நாங்களும் பெரிய புத்திசாலிகள் மாதிரி ஒத்துக்கொண்டோம். விடிகிற நேரம்தான் ஊர் முழுக்கப் பாண்காரனுக்குக் காது கொடுத்துக்கொண்டிருக்கும் நேரம் என்பது, அரசாங்க அலுவலகத்தில் வேலை செய்கிற எனக்கும் உறைக்கவில்லை, கடல் கடந்து வந்தவருக்கும் உறைக்கவில்லை!

சனிக்கிழமை, சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசித்து, தேங்காய் உடைத்துக் கல்லடியிலிருந்து புறப்பட்டோம். பெரியகல்லாற்றில் வாவிக் கரையில் வானை விட்டு, ரொட்டி சுட்டுச் சாப்பிடுவது திட்டம். பெரிய றோட்டிலேயே போகலாம், திரும்பத் தேவையில்லை. ஆரணி பின்னால் போய் இருந்தாள். காதில் ஹெட்செட், கண் மூடி. வானுக்குள் றூம் இல்லாவிட்டால் என்ன, அவள் தனக்குள்ளேயே ஒரு றூம் வைத்திருந்தாள். இவர் கண்ணாடியில் அவளையே பார்த்துப் பார்த்து ஓட்டினார்.

களுவாஞ்சிக்குடியில் றோட்டை வெட்டிப் போட்டிருந்தார்கள். ஒழுங்கையால் சுற்றிப் போகச் சொன்னது பலகை.

"கையைக் காட்டித் திரும்புங்க! சிக்னல் போடாதீங்க!" என்று கத்தினேன். பழகிய கை, கேட்குமா? டிங்... டிங்... ஒழுங்கையில் எத்தனை முடக்கோ, அத்தனைக்கும் டிங் டிங். கேற்றுகள் திறந்தன. லைட்டுகள் எரிந்தன. துவாய் போட்ட பெண்மணி நடு ஒழுங்கையில் வந்து நின்றார்.

"அக்கா, இது பாண் வான் இல்ல" என்றார் இவர்.

"அப்ப பாட்டுப் போட்டீங்க?"

"அது... சிக்னல்."

அவர் எங்களைப் பார்த்த பார்வையை விவரிக்க மாட்டேன். "றோட்டை வெட்டினதில இருந்து பாண்காரன் இந்தப் பக்கமே வாறல்ல. பாட்டைக் கேட்டுப் பிள்ளைகள் எல்லாம் எழும்பிட்டுதுகள். இப்ப நான் என்னத்தைச் சொல்ற?" என்றார்.

அவருக்குப் பின்னால் இன்னும் சிலர். எல்லோருக்கும் முன்னால், தலைகூடச் சீவி இழுக்காத ஒரு சின்னப் பிள்ளை, பலகைக் கதவையே பார்த்துக்கொண்டு. கதவு எப்போது திறக்கும் என்று நின்றது. வாசலுக்கு வந்த பிள்ளையை வெறுங்கையோடு அனுப்பி எங்கள் பக்கத்தில் யாருக்காவது பழக்கம் இருக்கிறதா?

இவர் எஞ்சினை நிறுத்தினார். "மா பிசைஞ்சது இரிக்கிதானே?" என்றார்.

இருந்தது. எனக்கு அளவாகப் பிசையத் தெரியாது. மூன்று பேருக்கு என்று தொடங்கினால் ஊருக்கே காணும்.

இவர் உள்ளே வந்து அடுப்பை மூட்டினார். தேங்காய்ப்பூப் போட்டுப் பிசைந்த மாவை உருட்டினார், தட்டினார், தோசைக்கல்லில் போட்டார். என்ன வேகம்! கை எது, ரொட்டி எது என்று தெரியவில்லை. வீட்டில் நான் அவரைக் குசினிப் பக்கமே விடுவதில்லை, பாவம், இத்தனை வருடம் உழைத்தவர் இருக்கட்டும் என்று. ஆரணி ஹெட்செட்டைக் கழட்டினாள்.

"நீங்க ஹோட்டல்ல இதா அப்பா செஞ்ச?"

"வேறென்ன மகள்? ரொட்டி, பராட்டா, பணிஸ்..."

"ஏன் சொல்லல்ல?"

"நீ கேக்கல்லயே மகள்."

வெளியே யாரோ பலகைக் கதவில் தட்டினார்கள். நான் எழும்புவதற்குள் ஆரணி எழும்பினாள். இரண்டு கையாலும் கதவை மேலே தூக்கினாள். வெளிச்சமும் சனமும் ஒன்றாக உள்ளே எட்டிப் பார்த்தன.

"பாண் இல்ல, ரொட்டிதான்! சும்மாதான் தாறம். சின்னாக்கள் முன்னுக்கு வாங்க!" என்றாள். பிறகு திரும்பி, "அப்பா, அங்கால மூணு பேர் நிக்காங்க, கெதியாப் போடுங்க! ஐயோ அப்பா, கருகுது, கருகுது!"

அவரை அவள் அதட்டியது அதுதான் முதல் தடவை. அந்த மனிதர் அடுப்புப் புகைக்குள் நின்று சிரித்த சிரிப்பு இருக்கிறதே... எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெங்காயம் என்று சொல்லிச் சமாளித்தேன். அங்கே வெங்காயமே இல்லை.

அப்போதுதான் கூட்டத்திலிருந்து ஒரு குரல். "ஆரணி! நீயா?"

ரியூஷனில் கூடப் படிக்கிற பிள்ளை! களுவாஞ்சிக்குடியிலிருந்து பஸ் ஏறி வருகிறவளாம். இவருடைய கையில் ரொட்டி அந்தரத்தில் நின்றது.

"இது பாண் வான்தானே?" என்றாள் அந்தப் பிள்ளை.

"இல்ல. எங்கட கேம்பர் வான்" என்றாள் ஆரணி. "அப்பாவும் அம்மாவும் செஞ்சது. உனக்கு எத்தின ரொட்டி?"

இவர் சட்டென்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த ரொட்டியும் கருகியது.

சும்மா கொடுத்ததைச் சும்மா வாங்கிக்கொண்டு போகிற சனமா நம் சனம்? இளநீர் வந்தது, கீரைப்பிடி வந்தது, வாழைப்பழம் வந்தது. துவாய்க்காரப் பெண்மணி ஒரு சட்டி மீன்குழம்போடு வந்து, "சட்டியைத் திரும்பி வரக்குள்ள தாங்க" என்றார். பெரியகல்லாற்றுக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. பலகைக் கதவைத் திறந்துவிட்டு, அப்பாவும் மகளும் வாவியைப் பார்த்துக் காலைத் தொங்கப் போட்டு இருந்தார்கள். என்ன கதைத்தார்கள் என்று கேட்காதீர்கள். எனக்கு அளவான இறாக்கையில் நான் நல்ல நித்திரை.

திங்கட்கிழமை ஹனிபா காக்கா கோல் எடுத்தார். வயர் வேலையில் கெட்டிக்காரன் ஒருவன் வந்திருக்கிறானாம், கொண்டு வந்தால் பாட்டை எடுத்துவிடலாமாம். சொல்லி வாய் மூடவில்லை, "வேணாம்!" என்று வீட்டில் இரண்டு குரல்.

நேற்றுப் பின்னேரம் காத்து வாங்க மூன்று பேருமாக வெளிக்கிட்டோம். கல்லடிப் பாலம் தாண்டவில்லை, பின்னாலிருந்து உத்தரவு வந்தது.

"அப்பா, சிக்னல் போடுங்க!"

றோடு நேராகத்தான் கிடந்தது. இவர் போட்டார்.