கஸ்ஸான் மலையில் சிவகௌரி

என் தங்கை சிவகௌரி சிட்னியில், வென்ட்வேர்த்வில்லில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். படகில் வந்தவள். வில்லாவுட் அகதித் தடுப்பு முகாமுக்குள் இருந்தபடியே ஆங்கிலம் படித்து, வெளியே வந்ததும் முதியோர் பராமரிப்புப் படிப்பை முடித்தாள். எங்கள் குடும்பத்தில் சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியவள் அவள் ஒருத்திதான். விடுமுறை நாட்களில் புளூ மவுண்டன்ஸ் மலைப் பாதைகளில் அவள் நடக்கும் வேகத்துக்கு இளம் பிள்ளைகளே மூச்சு வாங்குவார்கள்.

அவளுடைய கணவர் இளங்கீரன் யுத்தத்தின் கடைசி நாட்களில் இராணுவத்திடம் சரணடைந்தவர். அதன்பிறகு ஒரு தகவலும் இல்லை. அவள் பொட்டை எடுக்கவில்லை, திவசமும் செய்யவில்லை.

அவள் பராமரித்த ஜப்பானிய மூதாட்டி ஒருவர், தன் ஊருக்குப் பக்கத்தில் கஸ்ஸான் என்றொரு புனித மலை இருப்பதாகவும், இறந்தவர்கள் அங்கேதான் போய்ச் சேருவார்கள் என்றும் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து இவளுக்கு அதே நினைப்பு.

“போய்ப் பாத்திட்டு வருவம் அக்கா. அவர் அங்க இல்லையெண்டால் எங்கயோ உயிரோட இருக்கிறார்தானே.”

தனியே அனுப்ப மனம் வரவில்லை. போன ஆடியில் நானும் கூடப் போனேன்.

அடிவாரத்து விடுதிக்காரி, யாத்திரிகர் உடுக்கும் வெள்ளை மேலாடை இரண்டைக் கொண்டுவந்து நீட்டினாள். இறந்தவரைப் போல உடுத்துக்கொண்டு ஏறுவது அங்கே வழக்கமாம். நான் போட்டுக்கொண்டேன். சிவகௌரி விரலாலும் தொடவில்லை. தன் சிவப்பு மழைக்கோட்டை எடுத்து மாட்டினாள்.

“மேகத்துக்குள்ள நீங்கள்தான் துலைஞ்சு போவியள். என்னை ஒருத்தரும் தேடத் தேவையில்லை” என்று என்னைச் சீண்டினாள்.

பாதித் தூரத்தில் மேகம் இறங்கியது. முன்னால் போனவர்கள் வெள்ளையோடு வெள்ளையாக மறைந்தார்கள். அவர்கள் கட்டியிருந்த மணிகளின் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. ஈர நிலத்தின்மேல் பலகை அடித்துப் பாதை போட்டிருந்தார்கள். எங்களுக்குப் பின்னால் பலகை முனகியது. யாரோ வருகிறார்கள் என்று ஒதுங்கி வழிவிட்டோம். ஒருவரும் வரவில்லை. நடந்தோம். மறுபடியும் கேட்டது: ஒரு காலடி, பிறகு ஓர் இழுவை.

“கேட்டதோ, அக்கா?”

“பலகை ஊறிப்போய்க் கிடக்குது. அதான்” என்றேன்.

ஷெல் துண்டு பட்ட பிறகு இளங்கீரன் இடது காலை இழுத்துத்தான் நடப்பார்.

உச்சிக் கோயிலில் எல்லோரும் குனிந்து கும்பிட்டார்கள். அவள் கும்பிடவில்லை. வந்த வழியையே பார்த்தபடி நின்றாள்.

இறங்கும்போது வளைவுக்கு வளைவு நின்றாள்.

“ஆருக்கு நிக்கிறாய்? கடைசி பஸ் போயிடும்.”

“வரட்டும். அவருக்கு இறக்கம் கஷ்டம்.”

நான் திரும்பிப் பார்க்கவில்லை. நடையை மட்டும் குறைத்துக்கொண்டேன்.

பஸ் புறப்பட நின்றது. சாரதி கதவைச் சாத்தப் போக, அவள் படியில் நின்றபடி கையால் பிடித்துக்கொண்டாள். கொஞ்சம் பொறுத்துத்தான் கையை எடுத்தாள். ஜன்னலோரம் போய் இருந்தாள். பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. நான் பின்னிருக்கையில் இருந்தேன்.

பஸ் பாதி மலை இறங்கிய பிறகு திரும்பினாள்.

“சிட்னிக்குப் போன உடன ஐயரிட்டக் கேக்கவேணும், அக்கா. செத்த நாள் தெரியாதவைக்கு எந்தத் திதியில செய்யிறது?”

“கேப்பம்” என்றேன்.