மூன்று முறை தப்பாக அழுத்தினால்

அப்பா பம்பாயில், கப்பல் பழுது பார்க்கும் பட்டறையில் வேலை பார்த்தார். நானும் அம்மாவும் ஏரலில் இருந்தோம். மாதா மாதம் மணியார்டர் வரும். பணத்தோடு வரும் துண்டுச் சீட்டில் இரண்டு வரி எழுத இடம் இருக்கும். ‘சௌக்கியம். பாப்பாவை வெயிலில் அலைய விடாதே’ என்கிற மாதிரி அப்பா ஏதாவது எழுதியிருப்பார். அம்மா பணத்தை எண்ணிப் பார்க்கும் முன்னால் அந்தச் சீட்டைத்தான் பார்ப்பாள்.

தொண்ணூறுகளின் கடைசியில் அது நின்றுபோனது. அப்பாவின் சம்பளம் திருநெல்வேலியில் அவர் பேரில் இருந்த வங்கிக் கணக்குக்கே நேராக வர ஆரம்பித்தது. அதை எடுக்க எங்களுக்கு ஒரு ஏ.டி.எம். கார்டு வந்து சேர்ந்தது. எங்கள் தெருவில் அதற்கு முன் யாரும் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டு அத்தை அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதில் பணம் எங்கே இருக்கிறது என்று கேட்டாள்.

கார்டோடு அப்பாவின் கடிதமும் வந்தது. நான்கு பக்கம். அப்பா அவ்வளவு நீளமாக எழுதியது அதுதான் முதல் தடவை என்பதால் அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். நான் உரக்க வாசித்தேன். ரகசிய நம்பரை எங்கும் எழுதி வைக்கக் கூடாது, அதிலும் கார்டு இருக்கும் பையில் வைக்கவே கூடாது. யார் கேட்டாலும் சொல்லக் கூடாது, வங்கியில் இருந்து கேட்பதாகச் சொன்னாலும் கூடாது. அழுத்தும்போது மறு கையால் மறைத்துக்கொள்ள வேண்டும். உதவி செய்கிறேன் என்று வருகிற அந்நியர் கையில் கார்டைக் கொடுக்கக் கூடாது. மூன்று முறை தப்பாக அழுத்தினால் மிஷின் கார்டை விழுங்கிவிடும், அப்புறம் கணக்கு வைத்திருக்கிற அப்பாவே நேரில் வந்து எழுதிக் கொடுத்தால்தான் மறு கார்டு கிடைக்கும், ஆகவே ஜாக்கிரதை. கடைசியில் எனக்கென்று ஒரு வரி: ‘அம்மா மறந்துவிடுவாள். நம்பரை நீ மனசில் வைத்துக்கொள்.’

அம்மா, அவ்வளவுதானா என்று கேட்டாள். அவ்வளவுதான் என்றேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. ஐந்தாம் வகுப்பில் கணக்கில் நான்தான் முதல். அந்த நான்கு இலக்கங்களை மனசில் பூட்டி வைத்துக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்திருந்ததில் இருந்த பெருமை பிற்பாடு எதிலும் எனக்குக் கிடைக்கவில்லை. இப்போதும் அந்த நம்பரை இங்கே எழுதக் கை வரவில்லை.

மாதம் ஒரு சனிக்கிழமை ஸ்ரீவைகுண்டம் வழியாகப் போகும் பஸ்ஸில் திருநெல்வேலிக்குப் போவோம். வங்கி வாசலை ஒட்டிக் கண்ணாடிக் கதவு போட்ட சின்ன அறை. உள்ளே குளிரும். அம்மா கார்டைச் செருகுவாள். நான் எக்கி நின்று நம்பரை அழுத்துவேன். அம்மா பின்னால் நின்று முந்தானையை விரித்து மறைத்துக்கொள்வாள். ஒருமுறை மிஷின் கொஞ்சம் தாமதித்தபோது, வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் கதவைத் திறந்துகொண்டு வந்து, கார்டைக் கொடுங்கள், எடுத்துத் தருகிறேன் என்று கை நீட்டினார். அம்மா அவரை நிமிர்ந்து பார்த்து, “நீங்க வெளிய நில்லுங்க. எம் பிள்ளைக்கு எல்லாம் தெரியும்” என்றாள். அவர் போன பிறகுதான் பணத்தை எடுத்தோம். மிஷினில் வந்த ரசீதை அம்மா கிழித்துப் போடும்போது, அவர் இன்னும் வாசலில் நிற்கிறாரா என்று பார்த்தேன். இல்லை.

அப்பா வந்து ஒன்றேமுக்கால் வருஷம் ஆகியிருந்தது. பொங்கலுக்கு வருகிறேன் என்றிருந்தார். பிறகு பரீட்சை லீவுக்கு என்றார். அதன் பிறகு ஆடி அமாவாசைக்கு. ஒவ்வொரு தடவையும் பட்டறைக்கு ஏதாவதொரு கப்பல் வந்துவிடும். ஆடி அமாவாசைக்கு அவர் வரவில்லை என்று தெரிந்த அன்று, அவருக்காகக் காயப்போட்டு வைத்திருந்த சுண்டவற்றலை அம்மா பக்கத்து வீட்டு அத்தைக்குக் கொடுத்துவிட்டாள்.

புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை வங்கிக்குப் போனபோது அம்மா என்னைக் கதவுக்கு வெளியே நிறுத்தினாள்.

“நீ இங்கன நில்லு. நான் போயிட்டு வாரேன்.”

நம்பர், என்றேன். காதில் சொல்லு என்று குனிந்தாள். சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள். கண்ணாடி வழியாக அவள் முதுகு மட்டும் தெரிந்தது. வழக்கத்தைவிட நேரமானது. வெளியே வந்தபோது கையில் பணமும் இல்லை, கார்டும் இல்லை.

“மிஷின் முழுங்கிட்டு” என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. நம்பரைச் சரியாகத்தானே சொன்னேன் என்றேன். தப்பா அழுத்திட்டேன் என்றாள். மூணு தடவையுமா என்று கேட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு வங்கிக்குள் போனாள்.

உள்ளே இருந்த அதிகாரி நல்ல மனிதர். கணக்கு வைத்திருப்பவர் பாஸ்புத்தகத்தோடு நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று வருத்தமாகச் சொன்னார். “அவுக நேர்லதான் வரணுமா, சார்?” என்று அம்மா கேட்டாள். ஆமாம் என்றார். அம்மா இன்னொரு முறை கேட்டாள். அவர் இன்னொரு முறை ஆமாம் என்றார். அப்படியானால் அதை ஒரு தாளில் எழுதித் தர முடியுமா என்றாள். எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளை நான்காக மடித்துக்கொண்டு எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் அம்மா பம்பாய்க்குப் பேசினாள். பேசி முடித்ததும் எனக்கு ரோஸ் மில்க் வாங்கிக் கொடுத்தாள். கார்டு போன நாளில் எதற்கு இந்தச் செலவு என்று எனக்கு அம்மாமேல் கோபமாக இருந்தது. ஆனாலும் குடித்தேன்.

வீட்டுச் செலவுக்கு என்ன செய்யப்போகிறோம் என்ற பயத்தில் எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. போன மாதமே கொஞ்சம் கூடுதலாக எடுத்து வைத்திருப்பதாக அம்மா சொன்னாள். நல்லவேளை என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள் காலையில் அப்பா வந்தார். இரண்டு ராத்திரி ரயிலில் வந்த களைப்பும் சம்பளமில்லாத லீவு எடுத்த எரிச்சலும் அவர் முகத்தில் இருந்தன. அத்தனை எழுதியும் இப்படிச் செய்துவிட்டாயே என்று பெட்டியைக் கீழே வைக்கும் முன்பே அம்மாவைக் கடிந்துகொண்டார். அம்மா வெந்நீர் எடுத்து வைத்தாள். மத்தியானம் தேங்காய்ப்பால் விட்டுச் சொதி வைத்தாள், இஞ்சித் துவையல் அரைத்தாள். அப்பா மூன்று முறை சோறு கேட்டு வாங்கினார். சாயங்காலம் அம்மா தலை நிறையப் பிச்சிப்பூ வைத்திருந்தாள். திட்டு வாங்கியவள் மாதிரியே இல்லை.

மறுநாள் மூவரும் திருநெல்வேலிக்குப் போனோம். புதுக் கார்டும் புது நம்பரும் கிடைத்தன. திரும்பும் பஸ்ஸில் அப்பா மடியில் என்னை உட்கார வைத்துக்கொண்டார். அதற்கான வயதை நான் தாண்டியிருந்தேன், ஆனாலும் இறங்கவில்லை.

நான்காம் நாள் அவர் கிளம்ப வேண்டும். அதற்கு முந்தின நாள் சாயங்காலம், முற்றத்தில் உட்கார்ந்து புது நம்பரை எனக்கு மனப்பாடம் செய்வித்தார். பிறகு சிரித்துக்கொண்டே, “பழைய நம்பர் இனி எதுக்கும் ஆவாது. சொல்லு பாப்போம், நீயாவது ஞாபகம் வச்சிருக்கியா?” என்றார்.

புதியதும் பழையதும் கலந்து குழம்பியிருந்ததால், நடு இலக்கங்கள் இரண்டையும் மாற்றிச் சொல்லிவிட்டேன். அடுக்களையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா தலையைக்கூடத் தூக்காமல் சரியான நம்பரைச் சொன்னாள்.

அப்பாவின் சிரிப்பு நின்றது. பிறகு எழுந்துபோய் அடுக்களை வாசலில் நின்றார். அவர் பேச்சு எப்போதும் இல்லாத அளவுக்குத் தணிந்திருந்தது.

“வரச்சொல்லி ஒரு கடுதாசி போட்டிருந்தா வந்திருப்பேம்லா.”

“போட்டேன்” என்றாள் அம்மா. “அஞ்சு கடுதாசி போட்டேன்.”

அப்பா அங்கேயே தரையில் உட்கார்ந்து கீரைக்கட்டில் பாதியை எடுத்துத் தானும் ஆய ஆரம்பித்தார். வேரையும் இலையையும் ஒன்றாகப் போட்டுக்கொண்டிருந்தார், அம்மா திருத்தவில்லை.

முற்றத்தில் இருந்த எனக்கு அம்மாவை நினைத்துப் பாவமாக இருந்தது. வேண்டிய நேரத்தில் மறந்துவிட்டு இப்போது ஞாபகம் வந்து என்ன பிரயோசனம்? எல்லாம் அவளைத் தனியாக உள்ளே போக விட்டதால் வந்த வினை என்று பட்டது. இனி என்ன சொன்னாலும் அம்மாவை அந்த மிஷின் முன்னால் தனியாக விடக் கூடாது என்று தீர்மானித்தேன்.

அப்பா அடுத்து ஊருக்கு வர இரண்டு வருஷம் ஆனது. அந்த இரண்டு வருஷத்தில், வங்கிக்குப் போன ஒவ்வொரு சனிக்கிழமையும், நான் அம்மாவை விட்டு ஓரடி நகரவில்லை. நம்பரை நானே அழுத்தினேன். ஒருமுறைகூடத் தப்பவில்லை.