கம்பளத்தில் சேறு பட்டுவிடும் என்றார்கள்

இரண்டு வருடங்களுக்கு முன், வருடக் கடைசி மழை விடாமல் தூறிக்கொண்டிருந்த நாட்களில் நடந்தது இது. இலங்கை மலையகத்தில், ஹேவாஹெட்ட பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் நான் கணித ஆசிரியை. வீடு கீழே, கண்டிக்குப் பக்கத்து அம்பிட்டியவில். தினமும் பஸ்ஸில் மேலே ஏறி, பின்னேரம் கீழே இறங்குகிறவள். உதைபந்தாட்டத்துக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. பெண் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போக ஒரு பெண் ஆசிரியை வேண்டும் என்று அதிபர் அந்தப் பொறுப்பை என் தலையில் கட்டினார். ஓஃப் சைட் என்றால் என்னவென்று எனக்கு விளங்கப்படுத்தவே எங்கள் அணித் தலைவிக்கு ஒரு பாடசாலைத் தவணை முழுக்க எடுத்தது.

ஆனால் அந்தப் பிள்ளைகள் நன்றாக விளையாடினார்கள். தேயிலை மலைக்கு நடுவே, ஒரு பக்கம் சரிந்து கிடக்கும் எங்கள் மைதானத்தில் பழகியவர்களுக்குச் சமதரை கிடைத்தால் சொல்ல வேண்டுமா? ஒவ்வொரு பாடசாலையாகத் தோற்கடித்து இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டார்கள். அதில் வென்றால் மாகாண மட்டம். எங்கள் பாடசாலையிலிருந்து எந்த விளையாட்டிலும் யாரும் அதுவரை போனதில்லை.

போட்டி, அம்பிட்டியவைத் தாண்டி மேலே ஏறும் பாதையில், மலையை வெட்டிச் சமப்படுத்திய ஒரு மைதானத்தில். விளையாட்டுப் பயிற்சி கொடுக்கும் சேர் அன்றைக்கு ஆண் பிள்ளைகளோடு வேறிடத்துக்குப் போயிருந்தார். நான் மட்டும்தான். காலையில் போய் இறங்கும்போதே மைதானம் வயல் போலக் கிடந்தது. கோல் கம்பங்களுக்கு முன்னால் தண்ணீர் தேங்கி நின்றது. மூடுபனி மறுபக்கத்துக் கம்பத்தை மறைத்தது. இன்னொரு நாளைக்கு மாற்றலாமே என்று கேட்டேன். பிரதம அதிதியாக வரும் பெரிய மனிதர் இந்த நாளுக்கு ஒத்துக்கொண்டுவிட்டார், மாற்ற முடியாது என்றார்கள்.

அந்தப் பிரதம அதிதி நேரத்துக்கு வரவில்லை. அவர் வரும்போது பிள்ளைகள் வரிசையில் நிற்க வேண்டும் என்பதற்காக இரண்டு அணிகளையும் மைதானத்தின் நடுவில் நிறுத்தி வைத்தார்கள். அரைக்கை ஜேர்சி, அரைக்காற்சட்டை. மேலே தூறல், கீழே சேறு, பக்கவாட்டில் மலையிலிருந்து இறங்கும் காற்று. ஓரத்தில் ஒரு பெரிய கூடாரம் காலியாக இருந்தது. உள்ளே கதிரைகளுக்கெல்லாம் வெள்ளைத் துணி உறை போட்டு, தரையில் சிவப்புக் கம்பளம் விரித்திருந்தார்கள்.

ஏற்பாட்டுக் குழுவில் பொறுப்பாக இருந்தவரிடம் போனேன். அதிதி வரும் வரைக்கும் பிள்ளைகள் கூடாரத்துக்குள் நிற்கட்டும் என்றேன். கம்பளத்தில் சேறு பட்டுவிடும் என்றார். கம்பளத்தைச் சுருட்டிவைத்து, பிறகு விரிக்கலாமே என்றேன். அதற்கு அவர் சிரித்துக்கொண்டே சொன்னது இது:

"தோட்டத்துப் புள்ளைங்களுக்குக் குளிர் பழக்கம்தானே டீச்சர்."

அவர் வெளியூர்க்காரர் இல்லை. எங்களைப் போல மலையகத்தில் பிறந்தவர்தான். அவருடைய தாயும் தேயிலைக் கொழுந்து பறித்தவர் என்று பின்னால் ஒருவர் சொல்லக் கேட்டேன். அவர் வாயிலிருந்து அது வந்தது. எனக்குக் காது சூடானது. ஆனாலும் மேலே பேசாமல் திரும்பி வந்தேன். என்னிடம் இருந்தது ஒரே ஒரு குடை. அதை யாருக்குப் பிடிப்பது?

மூன்று பாட நேரம் அளவுக்கு நின்றிருப்பார்கள். கடைசியில் வாகனம் வந்தது. பிரதம அதிதி குடைக்குக் கீழே நடந்து வந்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் கை கொடுத்தார். வரிசை முடிந்ததும் பக்கத்தில் நின்றவர் நீட்டிய கடதாசியில் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு கூடாரத்திலிருந்து ஒலிவாங்கியில் விளையாட்டு வீரர்களின் மன உறுதி பற்றிப் பேசினார். பிள்ளைகள் நின்றபடி கேட்டார்கள். போட்டி தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே அவர் போய்விட்டார்.

எதிரணி நகரத்துப் பாடசாலை. நல்ல அணி. ஆனால் அந்தச் சேற்றில் யாருடைய திறமையும் எடுபடவில்லை. பந்து உருளாமல் குட்டையில் நின்றுவிடும். அதைச் சுற்றிப் பிள்ளைகள் வழுக்கி விழுவார்கள். முதல் பாதியின் கடைசியில் எங்கள் தலைவி விழுந்துகொண்டே உதைத்த பந்து உள்ளே போனது. ஒன்றுக்குப் பூச்சியம். நான்கூடக் குதித்தேன்.

இடைவேளையில்தான் எங்கள் கோல்காப்பாளரைக் கவனித்தேன். உயரமான பிள்ளை, அதிகம் பேசமாட்டாள். மற்றவர்களுக்கு ஓடியதில் உடம்பு கொஞ்சம் சூடேறியிருந்தது. அவள் காற்று வீசும் பக்கத்துக் கம்பத்தில், கணுக்கால் தண்ணீரில், ஒரே இடத்தில் நின்றிருக்கிறாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. என்னம்மா என்றேன். ஒன்றுமில்லை, கை மட்டும் மரத்துப்போயிருக்கிறது என்றாள். சொற்கள் குழறின. வேறு பிள்ளையைக் கோலுக்குள் நிறுத்துவோம் என்றால் அவளும் சம்மதிக்கவில்லை, தலைவியும் சம்மதிக்கவில்லை. அவள் ஒருத்திதான் கோல் காக்கப் பழகியவள். கூடாரத்தில் தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகளுக்கும் வரும் என்றார்கள், வரவில்லை. போட்டியைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கச் சொல்லிக் கேட்டேன். விலகிக்கொண்டால் வெற்றி மற்ற அணிக்கு என்று பதில் வந்தது.

நான் போட்டிருந்த ஸ்வெட்டரைக் கழற்றி அவளுக்குப் போட்டு அனுப்பினேன். நடுவர் அதைக் கழற்றச் சொன்னார். இலக்கம் மறைகிறதாம், அனுமதித்த உடை இல்லையாம். அப்படியென்றால் ஜேர்சிக்கு உள்ளே போட்டுக்கொள்ளட்டும், ஒரு நிமிடம் கொடுங்கள் என்றேன். அதற்குள் விசில் ஊதிவிட்டார். ஸ்வெட்டர் என் கைக்கே திரும்பி வந்தது.

இரண்டாம் பாதி முழுக்க எதிரணிதான் தாக்கியது. அவள் எப்படித் தடுத்தாள் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. ஒரு பந்தை நெஞ்சில் வாங்கினாள், ஒன்றைக் காலால் தட்டினாள். பிறகு ஒரு பந்துக்குப் பாய்ந்தாள். பந்து கையில் பட்டுத் தெறித்தது. அவள் குட்டைக்குள் முகம் குப்புற விழுந்தாள். எழும்பவில்லை.

பந்து எதிரணியின் முன்னணி வீராங்கனையின் காலடிக்குப் போனது. எதிரே வெறும் கோல். அந்தப் பிள்ளை பந்தை மைதானத்துக்கு வெளியே உதைத்துவிட்டு, ஓடிப்போய் எங்கள் பிள்ளையின் முகத்தைத் தண்ணீரிலிருந்து தூக்கிப் பிடித்தாள். நடுவரைப் பார்த்துக் கை ஆட்டினாள். நடுவர் நடந்து வந்தார், குனிந்து பார்த்தார், சட்டைப் பையிலிருந்து மஞ்சள் அட்டையை எடுத்து நீட்டினார். நேரத்தைக் கடத்துகிறாளாம்.

நான் கோட்டைத் தாண்டினேன். பின்னாலிருந்து அந்தப் பொறுப்பாளர் கத்தினார், "உள்ள போனா ஒங்க டீம் அவுட் டீச்சர்." கேட்டது. நன்றாகவே கேட்டது. சப்பாத்து ஒன்று சேற்றில் மாட்டிக்கொண்டது, விட்டுவிட்டு ஓடினேன். அவளைத் தொட்டபோது உடம்பு ஈரக்கல் போல இருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் என்னை அடையாளம் தெரியவில்லை. பயங்கரம் என்னவென்றால் அவள் நடுங்கக்கூட இல்லை.

தலைவி ஒரு பக்கம், எதிரணிப் பிள்ளை ஒரு பக்கம், நான் தோளைப் பிடிக்க, தூக்கிக்கொண்டு நேராகக் கூடாரத்துக்குள் போனோம். சிவப்புக் கம்பளத்தில் கிடத்தினோம். பொறுப்பாளர் வந்து, இங்கே வேண்டாம், பஸ்ஸுக்குக் கொண்டுபோங்கள் என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தார். வகுப்பில்கூடக் குரல் உயர்த்தாதவள் நான். அன்றைக்கு என் தொண்டையிலிருந்து வந்த சத்தம் எனக்கே புதிது.

"எங்களுக்குக் குளிர் பழக்கமில்ல சேர். ஒங்களை மாதிரி ஆளுங்க சொல்றதக் கேட்டுக்கிட்டு நிக்கிறதுதான் பழக்கம். இன்னையோட அது முடிஞ்சிச்சு. தள்ளுங்க."

தள்ளி நின்றார்.

அந்த நேரம் பார்வையாளர் பக்கத்திலிருந்து ஒரு முஸ்லிம் பெண் ஓடிவந்தார். பந்தை வெளியே உதைத்த பிள்ளையின் உம்மா. கையில் சுடுதண்ணீர்ப் போத்தல். எங்கள் பிள்ளையால் விழுங்க முடியவில்லை என்று தெரிந்ததும் போத்தலை ஓரமாக வைத்துவிட்டார். "ஈர உடுப்பக் கழட்டுங்க மிஸ். நாங்க மறச்சிக்கிட்டு நிக்கிறோம்" என்றார். இரண்டு அணிப் பிள்ளைகளும் எங்களைச் சுற்றி வெளிப்புறம் பார்த்தபடி நின்றார்கள். நான் ஈர உடுப்பைக் கழற்றி ஸ்வெட்டரைப் போட்டேன். அவர் கதிரைகளின் வெள்ளைத் துணி உறைகளை ஒவ்வொன்றாக உருவி அவளைச் சுற்றினார். போதாததற்குத் தன் சால்வையையும் சுற்றி, அவளை மடியில் இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். துஆ ஓதியபடியே முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். அம்பியூலன்ஸுக்குச் சொன்னார்களா என்று கேட்டேன். யாரும் சொல்லியிருக்கவில்லை. அந்த உம்மாவின் கணவர்தான் வேனைக் கூடாரத்து வாசல்வரைக்கும் கொண்டுவந்தார். மலையிறங்கி ஆஸ்பத்திரிக்குப் போகும் வரை அந்த உம்மா அவளை மடியிலிருந்து இறக்கவில்லை. பாதி வழியில் அவள் நடுங்கத் தொடங்கினாள். அந்த நடுக்கத்தைப் பார்த்துத்தான் நான் அழுதேன்.

பிழைத்துக்கொண்டாள். இன்னும் கொஞ்ச நேரம் அந்தத் தண்ணீரில் கிடந்திருந்தால் இருதயம் நின்றிருக்கும் என்று டாக்டர் சொன்னார். ஏன் இவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று என்னைத்தான் ஏசினார்.

அனுமதியில்லாமல் மைதானத்துக்குள் போன குற்றத்துக்காக எங்கள் அணியை விலக்கி, வெற்றியை மற்ற அணிக்குக் கொடுத்தார்கள். பின்னேரம், அந்த உம்மாவை ஆஸ்பத்திரியில் அவளோடு விட்டுவிட்டு, மற்றப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்ப வந்தபோது பஸ்ஸில் யாரும் என்னோடு பேசவில்லை. தலைவி மட்டும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "இன்னும் கொஞ்ச நேரந்தான் இருந்திச்சு டீச்சர். அவ தாங்கியிருப்பா."

எனக்கு அவள்மீது கோபம் வரவில்லை. பதினேழு வயதுப் பிள்ளைக்குத் தாங்கு, தாங்கு என்று மட்டுமே சொல்லிக்கொடுத்திருக்கிறோம். உயிர் போகிற அளவுக்குத் தாங்குவது ஒரு பெருமை என்று அவளை நம்ப வைத்தவர்கள்மீது வந்தது. அதில் நாங்கள் ஆசிரியர்களும் அடக்கம்.

இரண்டு நாளில் பேஸ்புக்கில் படம் போட்டார்கள். பிரதம அதிதி குடைக்குக் கீழே கை கொடுக்கிறார், பிள்ளைகள் வரிசையில். மழையையும் பொருட்படுத்தாத வீராங்கனைகள் என்று கீழே எழுதியிருந்தது. எங்கள் கோல்காப்பாளர் தன் கைகளைத் தானே கட்டிக்கொண்டு நிற்கிறாள். நூற்றுக்கணக்கானவர்கள் இதயம் போட்டிருந்தார்கள்.

பிறகு என்னை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். விதியை மீறியதற்கும், அதிகாரியிடம் மரியாதையில்லாமல் பேசியதற்கும் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிட்டால் முடிந்துவிடும் என்றார்கள். அதிபரும் அதையே சொன்னார். நல்ல மனிதர், பிரச்சினை வேண்டாம் என்று நினைப்பவர். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. பிள்ளைகளை மழையில் நிறுத்தச் சொன்னது யார் என்று மட்டும் கேட்டேன். என்னை எச்சரித்து அனுப்பினார்கள்.

இவ்வளவையும்கூட ஒருநாள் மறந்திருப்பேனோ என்னவோ. மறக்க விடாதது அதற்குப் பிறகு நடந்தது.

விசாரணை நடந்த வாரத்தின் வெள்ளிக்கிழமை, பாடசாலை விடும் நேரம், கோல்காப்பாளரின் அம்மா என்னைப் பார்க்க வந்தார். மலையிலிருந்து நேராக வந்திருந்தார். கொழுந்துக் கறை கையில் அப்படியே இருந்தது. உள்ளே வரச் சொன்னேன். கால் சேறாக இருக்கிறது என்று வாசலிலேயே நின்றார். நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் குனிந்த தலையோடு சொன்னார்:

"எங்க புள்ளனால ஒங்களுக்கு ரொம்பக் கரச்சல் டீச்சர். மன்னிச்சிக்கங்க. அவளுக்குத்தான் ஒடம்புல தெம்பில்ல."

பெற்ற பிள்ளை சாவின் வாசல்வரை போய் வந்திருக்கிறாள். அதற்கு அந்தத் தாய் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார். கம்பளத்தைக் காப்பாற்றியவர் கேட்கவில்லை, அட்டை நீட்டியவர் கேட்கவில்லை, கை துடைத்தவர் கேட்கவில்லை. வேலையை அரைநாளில் விட்டுவிட்டு, மலையிறங்கி வந்து, இவர் கேட்கிறார்.

அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதிரையில் உட்கார வைத்தேன். உங்கள் பிள்ளையின் உடம்பில் ஒரு குறையுமில்லை, அவள் இல்லாவிட்டால் அன்றைக்கு அரை டஜன் கோல் விழுந்திருக்கும் என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

அந்தப் பிள்ளை மறு வருடமும் கோல் காத்தாள். இப்போது கண்டியில் படிக்கிறாள். அந்த உம்மா பெருநாளைக்குப் பெருநாள் எனக்கு வட்டிலப்பம் அனுப்புகிறார். நான் இன்னும் அணிக்குப் பொறுப்பாசிரியைதான். எடுக்க வேறு யாருமில்லை. முடிந்ததை விடுங்கள், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று பலரும் சொல்கிறார்கள். கோபம் உடம்புக்குக் கூடாதாம். மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள் அந்தத் தாயின் வீட்டு வாசலில் வந்து நின்று கேட்கும் வரைக்கும், இந்தக் கோபத்தை நான் எங்கேயும் இறக்கி வைக்கப் போவதில்லை.