கோணலாகிப் போன குங்குமக் கோடு

போன வருடம் ஆடி மாதம். கிள்ளானில், நான் வாடகைக்கு இருக்கும் அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்தில் நடந்தது இது.

பள்ளிக்கூடத்தில் நான் அதிகம் உட்கார்ந்ததில்லை. தோட்டத்து லோரி, துறைமுகக் கிடங்கு, பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடை என்று மாறி மாறித் திரிந்தவன். கடைசியில் பழைய சின்னக் கார் ஒன்று வாங்கி, ஆட்களை ஏற்றி இறக்கும் வேலைக்கு வந்தேன். கீழ்வீட்டு ஆன்ட்டியை வாரத்துக்கு மூன்று முறை பிரிக்பீல்ட்ஸில் டயாலிசிஸுக்குக் கூட்டிப்போகும்படி அவர் மகன் கேட்டிருந்தார். எனக்கு நிலையாகக் கிடைத்த முதல் வாடிக்கை அந்த ஆன்ட்டிதான்.

கார் கொஞ்சம் அழகாக இருக்கட்டும் என்று, வேறொரு காரிலிருந்து கழற்றிய ஸ்போர்ட் ரிம்கள் நான்கை வாங்கி, காரின் பழைய நட்டுகளாலேயே நானே மாட்டினேன். மறுநாள் பிரிக்பீல்ட்ஸ் கோயிலில் காருக்குப் பூஜை. ஐயர் பானட்டில் சந்தனம் வைத்ததும், "சக்கரத்துக்கும் வைங்க சாமி, அதுதானே ஓடுது" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே ஒவ்வொரு நட்டிலும் விரலை வைத்து, ரிம்வரை குங்குமத்தை இழுத்துவிட்டார். சக்கரத்தடியில் வைத்த எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு கிள்ளான் திரும்பினேன்.

அடுத்த நாள் காலை ஆன்ட்டி தலையணையும் பிளாஸ்க்குமாக வந்தார். கதவைத் திறப்பதற்கு முன் முன்சக்கரத்தைப் பார்த்து நின்றார்.

"என்ன தம்பி, சாமி வச்ச பொட்டுகூட உன் காடில நேரா நிக்க மாட்டேங்குது?"

குனிந்து பார்த்தேன். நட்டில் இருந்த சிவப்பு ஒரு பக்கம், ரிம்மில் இருந்த சிவப்பு இன்னொரு பக்கம். கோடு நடுவில் உடைந்திருந்தது. நட்டு தானாகத் திரும்பியிருக்கிறது. ஸ்பேனரை வைத்தால் பாட்டில் மூடிபோலச் சுற்றியது. அந்தச் சக்கரத்தோடுதான் முந்தின நாள் கூட்டரசு நெடுஞ்சாலையில் வந்திருக்கிறேன். இன்று பின்சீட்டில் ஆன்ட்டியும் இருந்திருப்பார்.

"இன்னைக்கு இந்தக் காடி வேணாம் ஆன்ட்டி. வேற காடி கூப்பிடுறேன்."

"பூஜை போட்ட காடி லா! என்ன ஆயிடும்?"

"நட்டு கழலுதுன்னு சாமிதான் ஆன்ட்டி காட்டிக் குடுத்துச்சு. அடுத்த தடவ கண்டிப்பா நான்தான் வருவேன்."

முணுமுணுத்துக்கொண்டே வேறு காரில் போனார். அடுத்த தடவை என்பது நாளை மறுநாள். அதற்குள் சரிசெய்யாவிட்டால் அவர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார். அதில் தப்பும் இல்லை.

முதலில், முறுக்கியது போதவில்லை என்று நினைத்தேன். ஸ்பேனர் மேல் ஏறி நின்று முறுக்கி, புதிதாகக் குங்குமக் கோடு போட்டு, அக்கம்பக்கத்தைச் சுற்றி வந்தேன். கோடு மறுபடியும் விலகியிருந்தது. பலத்தில் குறை இல்லை என்றால் பொருத்தத்தில்தான் குறை. சக்கரத்தைக் கழற்றி, நட்டின் மூக்கு முழுக்கக் குங்குமம் குழைத்துப் பூசி, ரிம்மின் துளையில் வைத்து முறுக்கி எடுத்தேன். துளையில் மெல்லிய வளையமாக மட்டும் சிவப்பு ஒட்டியிருந்தது. துளையின் வாய் கிண்ணம்போல வளைந்திருந்தது. என் நட்டின் மூக்கோ புனல்போல நேர்ச்சரிவு. இரண்டும் ஓரத்தில் மட்டும் தொட்டுக்கொண்டால் எப்படிப் பிடிக்கும்?

ஸ்பேர் டயரை மாட்டி காரை நிறுத்திவிட்டு, கழற்றிய சக்கரத்தைச் சாக்கில் சுற்றிக்கொண்டு கொமுட்டர் ரயிலில் ஏறினேன். ஆட்கள் என்னையும் சாக்கையும் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

முதல் கடைக்காரர், "நட்டுன்னா நட்டுதான் பாஸ், நல்லா டைட்டா அடி லா" என்றார். அடுத்த கடையில் பளபளக்கும் புது நட்டுகளைக் காட்டினார்கள். பையிலிருந்து குங்குமத்தை எடுத்ததும், "இங்கயும் பூஜையா பாஸ்?" என்று கடையே சிரித்தது. பூசி வைத்துப் பார்த்தேன். அதே மெல்லிய வளையம். நன்றி சொல்லி நகர்ந்தேன். காஜாங்வரை போயும் கிடைக்கவில்லை.

மறுநாள் சாலாக் செலாத்தானில், பழைய கார்களைப் பிரித்து விற்கும் கடை. அங்கிருந்த அக்கா, "நீயே தேடு, எனக்கு வேல இருக்கு" என்று ஒரு டின்னைத் தள்ளிவிட்டார். கையெல்லாம் கிரீஸ். பாதி டின் தாண்டிய பிறகு, மூக்கு பந்துபோல உருண்ட நட்டு ஒன்று வந்தது. குங்குமம் பூசித் துளையில் வைத்துச் சுற்றினேன். கிண்ணம் முழுக்கச் சிவந்தது. அதே ஜாதியில் நான்கு சக்கரத்துக்கும் பொறுக்கினேன்.

வீட்டில், ஒவ்வொன்றும் என் காரின் போல்ட்டில் விரலாலேயே கடைசிவரை ஏறுகிறதா என்று பார்த்தேன். மரை ஒத்துப்போனது. குங்குமத்தைத் துடைத்துவிட்டு, எதிரெதிர் நட்டுகளாக மாற்றி மாற்றி இறுக்கினேன். காரைத் தரையில் இறக்கியபின், பட்டறையில் இரவல் வாங்கிய, இறுக்கத்தின் அளவு காட்டும் ஸ்பேனரால் மறுபடி முறுக்கினேன். கோடு போட்டு ஷா ஆலாம் போய்வந்தேன். கோடு அசையவில்லை. ஆனாலும் இன்னொரு முறை முறுக்கிப் பார்த்துக்கொண்டேன்.

அடுத்த நாள் ஆன்ட்டி நான்கு சக்கரத்தையும் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் ஏறினார். "இன்னைக்குப் பொட்டு நேரா இருக்கு" என்றார். திரும்பி வரும்போது களைப்பில், பிரிக்பீல்ட்ஸ் தாண்டும் முன்பே தலையணையில் சாய்ந்து தூங்கிவிட்டார்.

இப்போதும் தினமும் காலையில் அந்தக் கோடுகளைப் பார்க்காமல் நான் சாவியைத் திருப்புவதில்லை. எந்த வேலையிலும் நிலைக்காத என்னை நம்பி ஒருவர் பின்சீட்டில் கண்ணை மூடுகிறார் என்றால், அந்தத் தூக்கத்துக்கு நான்தான் பொறுப்பு.