கனக புஷ்பராகமும் என் மதினியும்

என் மதினியை, அதாவது என் கணவரின் அக்காவை, எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முழுவதையும் கேட்டுவிட்டு, பாவம் அந்த அம்மாள் என்று யாரும் என்னிடம் வந்து நிற்க வேண்டாம். நான் பாவம் பார்த்த காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில்தான் என் கல் போனது.

என் கல்யாணத்துக்கு அப்பா ஒரு மோதிரம் போட்டார். அதில் இருந்தது சிலோன் கனக புஷ்பராகம். அப்பா இளவயதில் கொழும்பில் ஒரு ஜவுளிக்கடையில் துணி கிழித்துக்கொண்டிருந்தவர். திருநெல்வேலிக்குத் திரும்பி வரும்போது ஒரு டிரங்குப் பெட்டியும் அந்தக் கல்லும்தான் அவர் கையில் இருந்தன. அம்மாவுக்குக்கூட அதைக் கொடுக்கவில்லை. பெண் பிறந்தால் அவளுக்கு என்று வைத்திருந்தார். பிறந்தது நான் ஒருத்திதான்.

நல்ல கல். பழுத்த எலுமிச்சையின் மஞ்சள், ஓரத்தில் மட்டும் கொஞ்சம் பொன் ஏறியிருக்கும். குருவுக்கு உரிய கல் என்பதால் ஆள்காட்டி விரலில்தான் போட வேண்டும் என்பார்கள். அடிப்பக்கம் திறந்து, கல் விரலைத் தொடுகிற மாதிரி கட்டியிருந்தது. கனமான கல், பாத்திரம் தேய்க்கும்போது மோதிரம் தானாகச் சுழன்று உள்ளங்கைப் பக்கம் வந்துவிடும். தலைவலி வந்தால் அதை நெற்றிப்பொட்டில் வைத்துக்கொள்வேன். அக்கினி நட்சத்திர வெயிலிலும் சில்லென்று இருக்கும். அப்பா பேப்பர் படிக்கிற பூதக்கண்ணாடியால் ஒருநாள் பொழுது போகாமல் அதைப் பார்த்தேன். உள்ளே ஓரமாக ஒரு சிறு கீற்று, கோழிக்குஞ்சின் இறகு ஒன்று விழுந்து கிடப்பதுபோல. கல்லுக்குள் ஏதோ குறை என்று அப்பாவிடம் ஓடினேன். மண்ணுக்குள் விளைந்த கல் என்றால் அப்படி ஏதாவது ஒன்று இருக்கத்தான் செய்யும் என்று சொல்லிவிட்டு அவர் பேப்பரைத் திருப்பினார்.

மதினிக்கு ஒரே மகன். பெங்களூரில் நல்ல வேலை, ஆனால் கல்யாணம் தட்டிக்கொண்டே போனது. ஜாதகத்தில் குரு பலம் இல்லை, கனக புஷ்பராகம் போட வேண்டும் என்று ஜோசியர் சொல்லிவிட்டார். எங்கள் பக்கம் ராசிக்கல்லைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்க மாட்டார்கள். வியாழக்கிழமை மஞ்சள் துணியில் முடிந்து தலையணைக்கு அடியில் வைத்துச் சில நாள் படுத்துப் பார்ப்பார்கள். நல்ல கனவு வந்தால் கல் ஒத்துக்கொண்டது. கெட்ட கனவு வந்தாலோ, வீட்டில் சண்டை வந்தாலோ ஒத்துக்கொள்ளவில்லை. தெரிந்த ஆட்களுக்குக் கடைக்காரர்களே கல்லைக் கொடுத்தனுப்புவார்கள். மதினி கடைக்குப் போகவில்லை. பாளையங்கோட்டைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"ஏளா, ஒன் மோதரத்தக் கொஞ்ச நாளைக்குத் தாயேன். புதுசு வாங்குததுக்கு முந்தி, எம் மகனுக்கு ஒத்துக்கிடுதான்னு பாக்கணும்லா."

இந்த மாதிரிக் கேட்டால் இங்கே யாரும் மாட்டேன் என்று சொல்வதில்லை. சொன்னால் கல்யாணத்தைத் தடுத்தவள் என்ற பழி வரும். நான் அங்கேயே கழற்றிக் கொடுத்தேன். மோதிரம் பூவும் பழமுமாகத் திரும்பி வந்தது. "நல்லா ஒத்துக்கிட்டு. கனவுல கோயில் கோபுரம் வந்துச்சாம்" என்றாள் மதினி. அதே வேகத்தில் பெண்ணும் அமைந்தது. ஆவணியில் கல்யாணம்.

மோதிரத்தைப் போட்ட அன்றே எனக்கு உறுத்தியது. பாத்திரம் தேய்த்தேன், மோதிரம் சுழலவில்லை. நெற்றியில் வைத்தேன், அந்தப் பழைய சில் இல்லை. கல்லைப் பிடித்திருக்கும் பற்களில் ஒன்று புதிதாக அரம் போட்டதுபோல் மின்னியது. வீட்டில் இருந்த ஒரு பூதக்கண்ணாடியைத் தேடி எடுத்து ஜன்னலடிக்கு ஓடினேன். உள்ளே இறகு இல்லை. ஒரு தூசு தும்பு இல்லாத சுத்தமான கல்லாக இருந்தது.

டவுனில் ரத வீதியில் ராசிக்கல் விற்கும் அண்ணாச்சி ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் கடைக்குள் வைத்துப் பார்க்கவில்லை. "ட்யூப்லைட்டுல எல்லாக் கல்லும் நல்ல கல்லுதான் தாயி" என்று வாசலுக்கு வந்து, வெள்ளைத்தாளில் வைத்து வெயிலில் பார்த்தார். பிறகு உள்ளே போய் ஏதோ கருவியிலும் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"இது புஷ்பராகம் இல்ல. சிட்ரின். படிகக் குடும்பம். புஷ்பராகம் நீலக்கல்லுக்குக் கூடப்பொறந்தது. வைரத்துக்கு அடுத்தபடி அதுதான் கெட்டி, கனமும் சாஸ்தி. இது அதுல முக்கால் கனங்கூட வராது. பாக்க அழகாத்தான் இருக்கு. ஆனா வருசம் போகப் போக முனை மழுங்கும், கீறல் விழும். புஷ்பராகம்னா அப்படியே நிக்கும்."

இதை வைத்து நான் எதை நிரூபிப்பது? என் கையில் இருப்பது சிட்ரின் என்றால், அப்பா கொடுத்ததே சிட்ரின்தான் என்று ஆகிவிடும். இது அப்போது என் மரமண்டைக்கு எட்டவில்லை. உண்மை நம் பக்கம் இருந்தால் போதும் என்று நினைக்கிற வயது.

புது மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் எங்கள் வீட்டில் விருந்து வைத்தோம். அப்பாவும் வந்திருந்தார். அடுக்களையில் மதினியைத் தனியாகப் பார்த்து, "மதினி, கல்லு மாறிப்போச்சு போல. ஆசாரி கைல எதும் கொடுத்தியளா?" என்று பையத்தான் கேட்டேன். அவள் கையில் இருந்த அப்பளக் கூடையோடு கூடத்துக்குப் போனாள். அங்கே பந்தி நடந்துகொண்டிருந்தது.

"எல்லாரும் கேட்டுக்கிடுங்க. இவ மோதரத்துக் கல்ல நான் மாத்திட்டேனாம். இப்பத்தானே தெரியுது, இவ அப்பா சிலோன்ல இருந்து என்னத்தக் கொண்டாந்தாவன்னு. கண்ணாடியக் கட்டிக் கொடுத்து, எங்க வீட்டுல பொண்ணத் தள்ளிவிட்டுட்டு, இப்பம் பழிய எம் மேல போடுதா!"

அப்பா அந்தப் பந்தியில் மூன்றாவது இலையில் உட்கார்ந்திருந்தார். சாம்பார் சாதம்கூட முடிந்திருக்கவில்லை. அவர் யாரையும் பார்க்கவில்லை. இலையை மூடாமல் எழுந்து, கை கழுவி, செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். என் கணவர் என் பக்கம் வந்து, "அக்காகிட்ட மன்னிப்புக் கேளு" என்றார். புதுப் பெண் மிரண்டுபோய் உட்கார்ந்திருந்தாள். விருந்து கெட்டுவிடக் கூடாதே என்று, பாயசக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த அசிங்கமான காரியம் எதுவென்றால் அதுதான். மன்னிப்பு அவளுக்கு இனித்தது. பாயசத்தை இரண்டாம் தடவை வாங்கிக் குடித்தாள்.

அப்பா அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. கல்லைப் பற்றி ஒரு வார்த்தை பேசவும் இல்லை. அடுத்த ஐப்பசி அடைமழையில் போய்ச் சேர்ந்தார். மதினி மகனோடு ரோஜாமாலை கொண்டு வந்தாள். "சொக்கத் தங்கமான மனுசன்" என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். அவள் மகன் மாலையைப் போடக் கையை நீட்டினான். நல்ல கறுத்த கை. ஆள்காட்டி விரலின் அடியில் மட்டும், மோதிரம் கிடந்த தடம் வெள்ளையாக வளையமிட்டிருந்தது. நெல்லைக்கு வரும்போதெல்லாம் கழற்றிவைக்கச் சொல்லியிருக்கிறாள்! பையனுக்கு எதுவும் தெரியாது. அம்மா சொன்னால் போடுவான், அம்மா சொன்னால் கழற்றுவான். என் அப்பாவைக் கிடத்தியிருந்த இடத்தில், அந்த வெள்ளை வளையத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் நான் முடிவு செய்தேன். இவளை நான் சும்மா விடப்போவதில்லை.

போலீசுக்குப் போக முடியாது. சண்டை போட்டுப் பார்த்தாகிவிட்டது. மதினிக்குப் பயம் என்று ஒன்று உண்டென்றால் அது கிரகங்களிடம் மட்டும்தான். கல்லை வைத்தே அவளைப் பிடிப்பதென்று தீர்மானித்தேன். செய்தி அனுப்ப ஆள் தேட வேண்டியதில்லை. என் கணவர் இருந்தார். நான் காலையில் சொல்வதை மத்தியானத்துக்குள் அக்காவிடம் போனில் ஒப்பிக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டே, பெருமூச்சு விட்டபடி சொன்னேன். "எங்க அப்பா சொல்லுவாவ. ஒருத்திக்குன்னு உள்ள புஷ்பராகம் அவ மனசறியாம இன்னொரு கைக்குப் போச்சுன்னா, குரு மொதல்ல அள்ளிக் கொடுப்பாராம். கல்யாணம், காச்சி எல்லாம் நடக்குமாம். பொறவு கொடுத்ததையெல்லாம் ஒண்ணொண்ணாத் திருப்பி வாங்குவாராம்."

அப்பா அப்படி எதுவும் சொன்னதில்லை. முழுக்க என் சொந்தத் தயாரிப்பு. ஆனால் பொருத்தமாக அமைந்துவிட்டது. கல்யாணம்தான் ஏற்கெனவே நடந்துவிட்டதே!

அதன்பின் நான் செய்ததெல்லாம் நலம் விசாரித்ததுதான். மனிதர் வாழ்க்கையில் எப்போதும் ஏதாவது கெட்டுக்கொண்டுதான் இருக்கும். விட்டுவிடாமல் விசாரிக்க ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான். மதினி வீட்டு மோட்டார் புகைந்தால் போன் போடுவேன். மகன் பைக்கிலிருந்து விழுந்தால், "அய்யோ, அடி எந்தக் கையில மதினி? வலது கையா?" என்று கேட்பேன். அவனுக்கு வேலை போனபோது நேரிலேயே போனேன், ஆரஞ்சுப்பழம் வாங்கிக்கொண்டு. குருப்பெயர்ச்சி பலன் வந்தால் சொந்தக்காரர்களின் வாட்ஸப் குழுவில் முதல் ஆளாக, அவள் மகன் ராசியை மட்டும் வெட்டிப் போடுவேன். போகிற இடமெல்லாம் அந்தச் சிட்ரினைப் போட்டுக்கொண்டுதான் போவேன். கழற்றவே இல்லை. அண்ணாச்சி சொன்னபடியே அதன் முனைகள் மழுங்கின, கீறல் விழுந்தது. பேசும்போது மதினியின் கண் என் விரலுக்கு வரும், உடனே ஓடிவிடும். அதைப் பார்க்க எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது!

பல வருஷம் கழித்து மருமகள் உண்டானாள். மதினி அதை எனக்குச் சொல்லவில்லை. மறைத்தாள். என் கணவர்தான் உளறினார். அக்கா வியாழக்கிழமை கார் பிடித்துப் பாபநாசம் போகிறாள் என்பதையும் அவர்தான் சொன்னார். ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்தேன். குழந்தையைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஊரறிய எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். அந்தக் கணக்கை அவளாகவே போட்டுக்கொண்டாள். கொடுத்ததைத் திருப்பி வாங்குகிறவர் அடுத்து எதை வாங்குவார் என்று.

வளைகாப்புக்கு என்னை அழைக்காமல் இருக்க முடியாது, தம்பி மனைவி. மண்டபம் நிறையக் கூட்டம். என் முறை வந்தது. கண்ணாடி வளையலை எடுத்துக்கொண்டு, மோதிரம் போட்ட என் கை அந்தப் பெண்ணின் கையைத் தொடப் போனது. மதினி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம்ளா. நான் போட்டுட்டேன். ஒன் அப்பா கல்லப் பாபநாசத்துல, ஆத்துலயே போட்டுட்டேன். இப்பம் எங்ககிட்ட இல்ல. பிள்ளைய விட்டுரு, தாயி, பிள்ளைய விட்டுரு."

மண்டபத்தில் நாதஸ்வரக்காரர்கூட நிறுத்திவிட்டார். என் கணவர் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். மகன் தன் விரலைப் பார்த்தான், பிறகு தன் அம்மாவைப் பார்த்தான். இந்த ஒரு நிமிஷத்தை நான் எத்தனையோ விதமாகக் கற்பனை செய்து வைத்திருந்தேன். அழுவேன் என்றுகூட நினைத்திருந்தேன். அழுகை வரவில்லை.

"எங்க அப்பா கல்லா மதினி?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டேன். "எங்க அப்பா கொடுத்தது கண்ணாடில்லா?"

மதினியின் பிடியை விலக்கிவிட்டு, அந்தப் பெண்ணுக்கு இரண்டு கையிலும் வளையல் போட்டு, சந்தனம் தடவி, நல்லபடியாகப் பெற்றெடு என்று வாழ்த்தினேன். மனசாரத்தான் வாழ்த்தினேன். அவள் மேல் எனக்கு என்ன கோபம்?

மறுநாள் என் கணவர் என்னைப் பாபநாசத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். பரிகாரம் என்று ஆற்றில் விட்ட சேலையும் வேட்டியும் படித்துறையில் ஈரக் குவியலாகக் கிடந்தன. தண்ணீர் இழுத்துக்கொண்டு ஓடியது. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, பாறைகளுக்கு நடுவே காலால் துழாவித் துழாவிப் பார்த்தார். கிடைக்காது என்று அவருக்கும் தெரியும். அன்று பாயசக் கரண்டியோடு என்னை மன்னிப்புக் கேட்க வைத்தவர்தானே என்று, கரையேறச் சொல்லாமல் நான் படியில் உட்கார்ந்திருந்தேன். அப்பா டிரங்குப் பெட்டியில் வைத்துக் கடல் தாண்டிக் கொண்டுவந்த கல், அந்தப் பழந்துணிகளுக்கு நடுவே எங்கேயோ, கீறல் விழாமல் கிடக்கிறது.

மதினிக்குப் பேத்தி பிறந்தாள், கொழுகொழுவென்று. பெயர் வைக்கிற விசேஷத்துக்கும் போனேன். பரிமாற ஆள் குறைகிறது என்றார்கள். சேலையைச் செருகிக்கொண்டு நானே பாயச வாளியைத் தூக்கினேன். மதினி பந்தியில் உட்கார்ந்திருந்தாள். அவள் இலைக்கு முன்னால் குனிந்து, மழுங்கிய அந்த மஞ்சள் கல் அவள் கண்ணுக்கு நேரே இருக்கும்படி கரண்டியைப் பிடித்து, "இன்னும் கொஞ்சம் விடட்டா மதினி?" என்றேன்.

சாம்பார் சாதம் பாதி அப்படியே கிடந்தது. மதினி இலையை மூடாமல் எழுந்து போனாள்.