உதறாத மூட்டை

பெரியப்பா எந்தத் துணியையும் உதறாமல் தொடமாட்டார். சட்டையோ கைக்குட்டையோ போர்வையோ, எதுவானாலும் ஓர் உதறல், பிறகு மடிப்புகளை விரலால் ஒரு தடவல். விருந்துக்குப் போன வீட்டில் கை துடைக்கக் கொடுத்த துண்டைக்கூட வாசலுக்கு எடுத்துப்போய் உதறிவிட்டு வருவார். “உள்ள பாம்பு இருக்குமோன்னு பாக்கறாரு” என்று பெரியம்மா மானத்தைக் காப்பாற்றிச் சமாளிப்பார். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இயந்திரம் ஓட்டி ஓய்வுபெற்றவர். வேலை கையோடு ஒட்டிக்கொண்டுவிட்டது என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

வயதாக ஆக முழங்கால்கள் வீங்கின. வலியைப் பற்றி யார் கேட்டாலும் ஒரே பதில்தான். “இது வாடகை வீடு. காலி பண்ணப்போற வீட்டுக்கு எவனாவது வெள்ளையடிப்பானா?” ஞாயிற்றுக்கிழமை சபையில் இதையே சாட்சியாகச் சொல்வார். பரலோகத்தில் அலுப்பு இல்லை, தைலம் இல்லை, மாடிப்படி இல்லை என்பார். முன்வரிசைக் கிழவர்கள் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைப்பார்கள்.

எனக்கு மட்டும் உறுத்தும். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அங்கே படித்ததில் பாதி மறந்துவிட்டது. ஒருவர் நிம்மதியாக இருந்தால் எதை மறைக்கிறார் என்று பார்க்கும் புத்தி மட்டும் தங்கிவிட்டது. சாவைப் பற்றி இவ்வளவு குஷியாகப் பேசுகிறவர் நித்தியத்தை நோக்கிப் போகிறாரா, இங்கேயுள்ள எதிலிருந்தோ ஓடுகிறாரா?

பெரியம்மாவுக்கும் ஒரு சந்தேகம் இருந்தது. அது வேறு மாதிரி.

“வியாழக்கிழமை மத்தியானம் ஜெபக் கூட்டம்னு கிளம்பறாரில்ல? போதகரைக் கேட்டேன். அப்படி ஒரு கூட்டமே கிடையாதாம்.”

“வேற எங்கயாவது போவாரா இருக்கும், பெரியம்மா.”

“அந்த வேற எங்கயாவதுதான் எங்கன்னு கேக்கறேன். நீ பின்னாலயே போய்ப் பாரு. சின்ன வீடு வச்சிருந்தா சொல்லு, அவளுக்கு ஒரு மாலை போட்டுட்டு வரேன். இந்த மனுஷனோட குடித்தனம் பண்ணணும்னா சும்மாவா?”

வாய்தான் சிரித்தது.

அடுத்த வியாழக்கிழமை பின்தொடர்ந்தேன். கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த பழைய அடுக்குமாடிக் கட்டடத்துக்குள் பெரியப்பா நுழைந்தார். லிஃப்ட் ஓடவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, குழந்தை ஏறுவதுபோல நாலாவது மாடிவரை ஏறினார். ஒருக்களித்திருந்த கதவைத் தள்ளி உள்ளே போனார். கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன்.

கட்டிலில் வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோன கிழவர். நீளமான கழுத்து. பெரியப்பா அவரைப் புரட்டி, அழுக்கு விரிப்பை உருவிக்கொண்டிருந்தார்.

“மெதுவாடா! நான் என்ன அழுக்கு மூட்டையா?”

“மூட்டை இப்படிக் கத்தாது, கொக்கு.”

“நான் ஒண்ணு கேக்கறேன். பக்கத்து வீட்டம்மா காசுக்குச் சோறு போடறா. பெத்த மகனே மாசத்துக்கு ஒருதரம்தான் எட்டிப்பாக்கறான். நீ எதுக்கு வாரா வாரம் வர்றே? என்னைய உங்க சபையில சேக்கப் பாக்கறியா?”

“உன்னையச் சேத்தா சபை கலைஞ்சுடும்.”

“அப்ப வேற என்னமோ வேணும் உனக்கு. சும்மா வர்ற மூஞ்சியா இது?”

பெரியப்பா வாயைத் திறந்தார். மூடினார். “காத்து வரட்டும்” என்று ஜன்னலைத் தள்ளினார்.

வெளியே வந்தவர் என்னைப் பார்த்துத் திடுக்கிடவில்லை. “பெரியம்மா அனுப்பினாளா?” என்று கேட்டுவிட்டுப் படியிலேயே உட்கார்ந்தார். உட்கார்ந்தபடி சொன்னார்.

கொக்கு அவரோடு சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவர். அறுவைச் சிகிச்சை அறையிலிருந்து வரும் துணி மூட்டைகளைப் பிரித்து, ஒவ்வொன்றாக உதறுவது அவர் வேலை. மடிப்புக்குள் கத்தரிக்கோல், இடுக்கி எது வேண்டுமானாலும் சிக்கியிருக்கும். உதறிய துணிதான் இயந்திரத்துக்குள் போக வேண்டும். ஒருநாள் வேலை குவிந்திருந்தது. கொக்கு டீ குடிக்கப் போன நேரத்தில் பெரியப்பா ஒரு மூட்டையைப் பிரித்து அப்படியே உள்ளே போட்டுவிட்டார். அதில் ஒரு கத்தரிக்கோல் இருந்தது. அது துணி சுழலும் உருளையைக் கிழித்து இயந்திரத்தையே நொறுக்கியது. உதறுவது யார் வேலை என்று விசாரணையில் கேட்டார்கள். மூட்டையைப் போட்டது தான் என்று பெரியப்பா சொல்லவில்லை. கொக்குவுக்கு வேலை போயிற்று.

“தன் கண்ணுக்குத்தான் தப்பிச்சிருக்கும்னு அவனே ஒத்துக்கிட்டான்டா. இன்னமும் அப்படித்தான் நம்பிட்டுக் கிடக்கறான்.”

“கர்த்தர்கிட்ட சொல்லியிருப்பீங்களே?”

“அழுது சொன்னேன். அவர் மன்னிச்சுட்டார். மன்னிக்க வேண்டிய இன்னொருத்தன் மேல படுத்திருக்கானே.” முழங்காலைத் தடவினார். “வாடகை வீடு, வெள்ளையடிக்கறதுன்னு ஊருக்கெல்லாம் சொல்றேன். அந்தப் பரலோக ஊருக்குப் போக ஆசைப்படறேனா, இவன்கிட்ட சொல்லாம நழுவ ஆசைப்படறேனா, எனக்கே சந்தேகமா இருக்கு. அங்க எல்லாமே வெளிச்சம். அவன் அங்க வந்து தெரிஞ்சுக்கிட்டா நான் சொன்னதா ஆகாது, மாட்டிக்கிட்டதாத்தான் ஆகும்.”

நான் அவர்மேல் வைத்திருந்த சந்தேகத்தை எனக்கு முன்பே அவர் தன்மேல் வைத்திருந்தார்.

“அடுத்த வாரம் சொல்லிடறேன்” என்றார்.

பழைய சிநேகிதரைப் பார்க்கப் போகிறார் என்று மட்டும் பெரியம்மாவிடம் சொன்னேன். “அதுக்கு எதுக்குப் பொய்?” என்று என்னையும் சேர்த்து முறைத்தார். அதன்பிறகு வியாழக்கிழமைகளில் நானே கைத்தாங்கலாகக் கூட்டிப்போய்க் கீழே காத்திருப்பேன். பெரியப்பா இறங்கி வந்து தலையை ஆட்டுவார். “இன்னிக்கு அவனுக்குக் காய்ச்சல்.” “இன்னிக்கு நல்லா சிரிச்சான், கெடுக்க மனசு வரல.” எந்தச் சாக்கையும் நான் நம்பவில்லை. ஆனால் அந்தக் காலோடு படியேறுவதை அவர் நிறுத்தவும் இல்லை. ஃபோனில் சொல்லிவிடலாமே என்றேன். “ஃபோனா? சட்டுனு வச்சுட்டு ஓடிடலாம்” என்றார்.

மழைக்காலத்தில் ஒரு புதன்கிழமை காலை பெரியப்பா எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே போயிருந்தார். கர்த்தருக்குள் இளைப்பாறுகிறார் என்று சபையில் சொன்னார்கள். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அதை நம்பப் பார்த்தேன். பாதி நம்பினேன்.

அடுத்த வாரம் நான் தனியாக நாலாவது மாடிக்குப் போனேன்.

“அவன் எங்க?” என்றார் கொக்கு.

“தவறிட்டாருங்க.”

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தாரு. அந்தச் சலவைக்கூடத்துல...”

“நிறுத்து.” சட்டென்று திரும்பினார். “ஏதோ இருக்குன்னு எனக்குத் தெரியும். வாரா வாரம் மீன் மாதிரி வாயத் தொறந்து தொறந்து மூடுவான். அவன் சொல்லாதத நீ எதுக்குச் சொல்றே?”

“நீங்க தெரிஞ்சுக்கிட்டா உங்களுக்கு மனசு...”

“என் மனசு உனக்கெதுக்கு? நீ சொன்னா அது வெறும் சேதி. அவன் வாயால வரணும். ஏதோ ஒரு ஊரப் பத்தி ஓயாம பேசுவானே, அப்படி ஒண்ணு இருந்தா அங்க வந்து கேட்டுக்கறேன். இல்லாட்டிப் போகட்டும். கதவச் சாத்திட்டுப் போ.”

சாத்தினேன். மறுபடி தட்டக் கையை உயர்த்தி, இறக்கிக்கொண்டேன். அவர் பேச்சுக்கு மரியாதை கொடுத்துத் திரும்பினேனா, எனக்கும் தைரியம் வரவில்லையா, தெரியவில்லை. கொக்கு இன்னும் அந்தக் கட்டிலில்தான் இருக்கிறார், இயந்திரம் உடைந்தது தன் கவனக்குறைவால் என்று நம்பிக்கொண்டு. பெரியப்பா அவருக்குச் சொல்ல வேண்டியது சொல்லப்படாமலே நிற்கிறது.